எருக்கஞ்செடிக்குச் சொட்டுநீர்

எருக்கஞ்செடியைத் தண்ணீர் ஊற்றிக் கொன்றவன் நான். இடிந்த வீட்டுச் சுவரிலும் ரயில் தண்டவாளத்துச் சரளைக்கல்லிலும் யாருடைய தயவும் இல்லாமல் முளைத்துப் பூத்து நிற்கிற செடி அது. அதை நர்சரியில் காசு கொடுத்து வாங்கி, குழி வெட்டி, மண்புழு உரம் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, காலையும் மாலையும் போய் நலம் விசாரித்து, ஒரே மழைக்காலத்துக்குள் வேர் அழுகிச் சாகவைத்தேன். இந்தச் சாதனையைச் செய்தவர் எங்கள் மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம்.

காரணம் இருக்கிறது. எனக்குத் திருவோண நட்சத்திரம். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு மரம் என்று சாஸ்திரத்தில் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பூசத்துக்கு அரசு, மகத்துக்கு ஆல், சித்திரைக்கு வில்வம். எல்லோருக்கும் கம்பீரமாகக் கொடுத்துக்கொண்டே வந்தவர்கள், திருவோணத்திடம் வந்தபோது கையிருப்பு தீர்ந்துவிட்டதுபோல எருக்கைக் கொடுத்துவிட்டார்கள். என் மனைவிக்கு ரோகிணி, அதனால் நாவல். எங்கள் வீட்டில் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இந்த நாவலும் எருக்கும் வந்து நிற்கும்.

எங்கள் தெரு செங்கம் ரோட்டிலிருந்து மலைப்பக்கமாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் வீடுகளோடு வந்து, ஒரு பொட்டலில் முடியும். கிராம நிர்வாக அலுவலகத்துக் கணக்கில் அதற்குப் பெயர் தரிசு. சூரைமுள், கள்ளி, ஆவாரம், ஈச்சம்புதர், மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் புல், பெய்யாவிட்டால் பழுத்த புல். அங்கங்கே எருக்கு. நடுவில் ஆட்டுப் புழுக்கை. ஓரத்தில் ஒரு பெரிய புற்று, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு.

எனக்குக் காட்டைப் பற்றி நிறையத் தெரியும். எல்லாம் புத்தகத்தில் படித்தது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் எல்லோரும் வருஷம் முழுக்க மழை பெய்கிற, பனி கொட்டுகிற தேசங்களில் இருந்தவர்கள். முதலில் பாசி வரும், பிறகு புல், பிறகு புதர், கடைசியில் வானளாவிய மரம் என்று படிப்படியாக எழுதியிருப்பார்கள். அதனால் புல்லோடு நிற்கிற நிலத்தைப் பார்த்தால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையனைப் பார்க்கிற மாமாபோல எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். எப்படியாவது மேலே படிக்கவைக்க வேண்டும். பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தச் சீர்திருத்த வேலை எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

காலையில் கிரிவலப் பாதையில் நடக்கிற எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். நாங்கள் நடந்த நேரத்தைவிட டீக்கடையில் நின்ற நேரம் அதிகம். ஒருநாள் டீக்கடையில் அவர் முகம் வாடியிருந்தது.

"பையனுக்குப் பொண்ணே அமைய மாட்டேங்குது சார். ஜோசியர் நட்சத்திர மரம் ஒண்ணு வெக்கச் சொல்றாரு. சுவாதிக்கு மருத மரமாம். ஊட்டாண்ட வெச்சா செவுரு பொளந்துடும். எங்க வெக்கறதுன்னே தெரில."

"ஒரு மரம் எதுக்குங்க? இருபத்தேழும் வெப்போம். எங்க தெருக் கோடியில எடம் சும்மாதான கெடக்குது" என்றேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன பேச்சு. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே போனில் ஒரு குழு தொடங்கி, அதற்கு 'நட்சத்திர வனம்' என்று பேர் வைத்து, மலைப் படமும் போட்டாகிவிட்டது. வார்டு உறுப்பினர் அவருக்குச் சம்பந்தி முறை. அனுமதி வந்தது. துண்டுச்சீட்டு வாசகம் நான் எழுதினேன். 'தரிசாய்க் கிடந்து தவிக்கும் மண்ணுக்குத் தாய்மை தருவோம்' என்று ஒரு வரி. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த மண் தவித்துக்கொண்டிருக்கவில்லை என்று எனக்குச் சொல்ல அங்கே ஒருத்தி இருந்தாள். ஆனால் அவளும் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு கவலை.

எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு போய், வீட்டோடு இருக்கிறான். அந்தக் குடும்பத்தை அவளுடைய ஆடுகள்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தன. காலையில் அவிழ்த்து விட்டால் நேரே பொட்டலுக்குப் போகும். பொழுது சாய்ந்தால் தானாகத் திரும்பும். தீனி என்று அவள் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. என் மனைவியோடு கேட்டில் நின்று பேசுவாள். என்னைப் பார்த்தால், "இன்னா சார், வாக்கிங் ஆச்சா?" என்பாள். என்னை ஒரு வேலையும் இல்லாதவன் என்று நினைத்திருந்தாள். தப்பில்லை.

பொக்லைன் வந்த நாள் நான் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றேன். காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முள், கள்ளி, ஆவாரம், புல் எல்லாம் வேரோடு வந்து குவியலாகிவிட்டது. புற்றை மட்டும் டிரைவர் தொடவில்லை.

"அத்தத் தொட மாட்டேன் சார். எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். புற்றைச் சுற்றிக் கொஞ்சம் இடம் புதரோடு தப்பியது.

குவியலுக்குத் தீ வைத்தோம். அதில் பெரும்பாலும் எருக்குதான், பச்சையாக இருந்ததால் புகைந்துகொண்டே கிடந்தது. அந்தப் புகைக்குள் நர்சரி வண்டி வந்தது. மரக்கன்றுகளை இறக்கிவைத்தார்கள். கறுப்புப் பையில், அட்டை தொங்கவிட்டு, 'திருவோணம்: எருக்கு'. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நானும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அவள் ஆடுகளோடு வந்து நின்றாள். ஆடுகள் வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டு, எதையும் காணாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"இன்னா சார் இது, இப்பிடி மொட்ட அடிச்சி வெச்சிக்கிறாங்க?"

"காடு வரப்போவுதும்மா."

"இங்கியா? அப்ப ஆட்ட எங்க ஓட்டறது?"

"ஒரு ரெண்டு மூணு வருஷம் பொறுத்துக்கோங்க. மரம் வளந்துட்டா நெழல்லயே மேய்ச்சிக்கலாம்."

"அதுவரிக்கும் ஆடு இன்னா சார் பண்ணும், விரதம் இருக்குமா?"

அவள் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க படிச்சவரு. அவங்களாண்ட பேசி ஒரு ஓரமா ஆட்டுக்கு வழி வுடச் சொல்லுங்க சார். புண்ணியமாப் போவும்."

'அவங்க' என்றாள். அந்த அவங்களில் நானும் உண்டு, முதல் ஆளே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். "சொல்றேம்மா" என்றேன்.

சொல்லவும் செய்தேன். குழுக் கூட்டத்தில் நான் எழுந்து தொண்டையைக் கனைப்பதற்குள் கம்பி வேலிக்கு விலை பேசி முடித்துவிட்டார்கள். கடைக்காரர் கடையிலிருந்தே வந்தது கம்பி. ஆட்டுக்கு ஓரமாக ஒரு வழி என்று இழுத்தேன். "ஆடு வாய் வெச்சா சாமி மரம் துளுக்காது சார்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். கூட்டங்களில் உட்காருவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

திறப்பு விழா நடந்தது. மைக், சால்வை, வார்டு உறுப்பினர் பேச்சு. பேச்சை எழுதியது நான். பேசியவர் அதில் பாதியை விட்டுவிட்டார், விட்ட பாதிதான் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு பௌர்ணமிகள் வந்தன. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்ன கூட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. மலை சுற்ற வந்தவர்களுக்கு நட்சத்திர வனம் இருக்கிறது என்று தெரிந்ததும், அவரவர் கன்றைத் தேடி வந்து அன்பு செலுத்த ஆரம்பித்தார்கள். அன்பு என்றால் பால், தயிர், மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். தண்டைச் சுற்றி மஞ்சள் கயிறு, அதை இறுக்கிக் கட்டினால்தான் பலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. அடியில் கற்பூரம், நெய்விளக்கு. சனி தோஷக்காரர்கள் நல்லெண்ணெய். கல்யாணம் ஆகாதவர்கள் சுவாதியையும், வேலை கிடைக்காதவர்கள் அரசையும் ஒரு கை பார்த்தார்கள். சாயங்காலம் பால் குடித்த கன்றைக் காலையில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். முழங்கால் உயரக் கன்று இந்தப் பக்தியை எவ்வளவு தாங்கும்?

பக்தி செய்யாததை மண் செய்தது. ஆற்றங்கரையில் நிற்க வேண்டிய மருது, உப்புக்காற்றில் நிற்க வேண்டிய புன்னை, ஈரம் காயாத இடத்தில் நிற்க வேண்டிய வஞ்சி, எல்லாவற்றையும் கொண்டுவந்து சரளை மண்ணில் நிறுத்திவிட்டோம். நட்சத்திரப் பொருத்தம் பார்த்தோம், மண் பொருத்தம் பார்க்கவில்லை. அந்த மண்ணிலேயே ஆனந்தமாக இருக்கக்கூடிய ஒரே செடி என் எருக்கு. அதைக் கொல்ல என் சொட்டுநீர் போதுமானதாக இருந்தது.

முதல் பெருமழையில் விஷயம் தெரிந்தது. முன்பெல்லாம் மலையிலிருந்து வருகிற தண்ணீர் அந்தப் பொட்டலில் புகுந்தால் அங்கேயே உட்கார்ந்து மெதுவாக இறங்கும். தெருவுக்கு வரும்போது தெளிந்து, ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். இந்த முறை செம்மண் குழம்பு நேராகத் தெருவுக்குள் வந்து, சாக்கடையை அடைத்து, என் வீட்டுப் படி ஏறியது. பொட்டலின் மேல்மண்ணைத்தான் நான் வாசலில் மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தேன். என் மனைவி மாடியிலிருந்து, "ஏங்க, காடு நம்ம ஊட்டுக்கே வந்துடுச்சே" என்றாள்.

அந்த மண்ணை வாரும்போதுதான் முதன்முதலாக அந்த இடத்தைப் பற்றி யோசித்தேன். அதுவரை அதைப் பற்றிப் பேசத்தான் செய்திருந்தேன். புல்லின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்துவைத்திருந்தது. கரையான் குடைந்த துளைகள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கியது. ஆடு நுனியைக் கடித்ததால் புல் அடியில் தழைத்தது. புதர் மண்டிப் புல்லை மூடாமல் இருந்தது. ஆடு தின்ற காய்களின் விதை புழுக்கையோடு வேறொரு இடத்தில் விழுந்தது. அந்தப் புழுக்கையை உருட்டிக்கொண்டு போய்ப் புதைக்க ஒரு வண்டுக் கூட்டம் இருந்தது. யாரும் குழு தொடங்காமல், துண்டுச்சீட்டு அடிக்காமல், காலம் காலமாக நடந்துவந்த காரியம். மேலே படிக்காத பையன் என்று நான் நினைத்தவன் அங்கே ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

விடிகாலையில் கவுதாரி கத்துகிற சத்தம் நின்றுபோயிருந்தது. நின்ற நாள் எது என்று எனக்குத் தெரியாது; அது கத்தியபோது நான் கவனித்ததும் இல்லை. முதல் மழைக்கு மறுநாள் வெல்வெட் துணியில் கிள்ளிப் போட்டதுபோலச் சிவப்புப் பூச்சிகள் அங்கே ஊரும். அந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லை. வந்தது பார்த்தீனியம். அதன் பின்னாலேயே சீமைக்கருவேலம். மண்ணைக் கிளறிப் போட்ட இடத்தில் முதலில் ஓடிவந்து குடியேறுகிற ஆட்கள் இவர்கள். நாம் காலி செய்து கொடுப்பதற்காகவே காத்திருக்கிறவர்கள். ஆடு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற செடி எதுவோ அதுவே வேலிக்குள் செழித்தது. நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. கோடை முடியும்போது வேம்பும் வன்னியும் மட்டும் இலையோடு நின்றன. அவை இரண்டும் யார் நட்டாலும் நடாவிட்டாலும் வந்திருக்கும்.

ஆடுகள் என்ன ஆயின என்று சொல்லவில்லையே.

அவள் முதலில் மலைப்பக்கம் ஓட்டிப் பார்த்தாள், காவல்காரர்கள் விரட்டினார்கள். அங்கேயும் கன்று நட்டிருக்கிறார்கள். பிறகு ரோட்டோரமாக ஓட்டினாள். பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதை எப்படி இருக்கும்? அன்னதானத் தட்டு, சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் கவர், பிஸ்கட் பேப்பர். ஆடுகளுக்கு அதுதான் தீனி. பசிக்கிற வாய் கவரையும் சோற்றையும் பிரித்துப் பார்க்குமா? சினையாக இருந்த ஒரு ஆடு வயிறு உப்பி, இரண்டு நாள் முனகிவிட்டு அவள் வாசலிலேயே செத்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் உள்ளேயிருந்து கவரை இழுத்துக்கொண்டே இருந்தார். மந்திரவாதி வாயிலிருந்து ரிப்பன் வருகிற மாதிரி என்று எனக்கு ஒரு உவமை தோன்றியது. இப்படித் தோன்றுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதன்பின் இன்னொரு முறை குழுவில் வாயைத் திறந்தேன். மரம்தான் போய்விட்டதே, வேலியை எடுத்துவிட்டால் புல்லாவது வரும், ஆடாவது மேயும் என்றேன்.

"செத்தா இன்னா சார்? சாமி மரம் சாமி மரந்தான்" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதம்தான் அவர் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மருது காய்ந்து குச்சியாகி ரொம்ப நாளாகியிருந்தது.

கார்த்திகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மினிவேன் வந்து தெருக் கோடியில் நின்றது. ஆடுகளை ஏற்றினார்கள். அவள் அழவில்லை. ஒவ்வொன்றின் காதையும் பிடித்து ஏற்றிவிட்டாள். கிடா ஒன்று ஏற மறுத்துப் பொட்டல் பக்கமாக ஓடி, வேலிக் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. அதை இழுத்து வரும்போது வியாபாரியிடம், "பாத்து ஏத்துப்பா, கால் மாட்டிக்கப்போவுது" என்று மட்டும் சொன்னாள். நான் கேட்டுக்குள் நின்றிருந்தேன். என் மனைவி வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றாள். உள்ளே வந்தபோது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாவலையோ எருக்கையோ இழுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தீபத்துக்கு ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் இல்லை. பெரிய இடத்திலிருந்து யாரோ வந்து பார்த்து, "லெவல் பண்ணி வெச்ச கிரவுண்டு ஒண்ணு இங்க சும்மா கெடக்குதே" என்றாராம். நாங்கள் தரிசு என்றோம், அவர் சும்மா என்றார். ஒரே மத்தியானத்தில் வேலியைப் பிடுங்கி, கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டினார்கள். தற்காலிகம் என்றார்கள். இந்த ஊரில் தற்காலிகமாக வந்த எதுவும் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை. நான் உட்பட.

எல்லாம் போன பிறகும் புற்று இருந்த மூலை மட்டும் மிச்சமிருந்தது. ரோலர்காரனும் அதைத் தொடவில்லை. நான் தினமும் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். ஆள்காட்டிக் குருவி அங்கே கல்லோடு கல்லாக முட்டையிட்டிருந்தது. கிட்டே போனால் தலைக்கு மேல் பறந்து பறந்து திட்டும். மழைக்குப் பிறகு அந்த மூலையிலிருந்து நெருஞ்சியும், அதன் பின்னால் புல்லும் கிராவலுக்குள் கால் வைத்திருந்தன. கையகலம். பெரிய ஆறுதலாக இருந்தது. யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும், அது தன் பாட்டுக்கு வந்துவிடும் என்று தோன்றியது.

யாரும் எதுவும் செய்யாமல் இருப்பது நம்மால் முடியாது. வண்டி நிறுத்த வந்த பக்தர்கள் புற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த ஆடிக்குள் புதரைச் சுத்தம் செய்து, சுற்றிலும் சிமென்ட் பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, தகரக் கொட்டகை போட்டு, உண்டியல் வைத்தாகிவிட்டது. கரையான் டைல்ஸ் வழியாக வருமா? புற்று இப்போது சாமியாக இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை.

அவளுக்கு அந்த வண்டி நிறுத்துமிடத்திலேயே வேலை கிடைத்தது. பச்சை நிறத்தில் மின்னுகிற கோட்டு, கையில் விசில். ஆடு மேய்ந்த இடத்தில் இப்போது கார்களை ஓரங்கட்டுகிறாள். போன பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலம் கூட்டம் வருவதற்குள் போனேன். எனக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. பல நாளாக மனசுக்குள் எழுதித் திருத்திவைத்திருந்த வாசகம். புல், கரையான், வண்டு எல்லாம் அதில் வரும்.

வாயைத் திறந்தபோது அதில் ஒரு வரிகூட வரவில்லை. "இந்த எடத்துல மரம் வெக்கலாம்னு மொதல்ல சொன்னது நான்தாம்மா. டீக்கடையில. அந்தப் பொக்லைன் வந்ததும் என் பேச்சாலதான். உங்க ஆடு போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன்.

அவள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஆடுகளை விற்ற பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சும்மா இருங்க சார். ஒரு ஓரமா வழி வுடச் சொல்லுங்கன்னேன், அதுவே உங்களால முடில. யாரோ பெரிய ஆளுங்க பண்ண வேல இது. உங்க பேச்சக் கேட்டு எவன் சார் பொக்லைன் எடுத்துனு வருவான்? தள்ளி நில்லுங்க, பஸ்ஸு ரிவர்ஸ் வருது."